பச்சைத் தண்ணீரில் மர்யம் பூ

முனவ்வராவுக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று நுரைச்சோலையில் இருக்கவில்லை. வெங்காயத்துக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விட வேண்டும், புத்தளம் பஸ் எந்தச் சந்தியில் நிற்காமல் ஓடும், யாருடைய மகளுக்கு எந்த மாப்பிள்ளை பொருந்தும், கச்சான் காற்று இந்த வருஷம் எப்போது ஓயும், எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. கேட்டவர்களுக்கும் சொல்வாள், கேளாதவர்களுக்கும் சொல்வாள். பத்து வயதில் மன்னாரிலிருந்து ஒரேயொரு பையோடு வள்ளத்தில் ஏறி, கற்பிட்டிக் கரையில் இறங்கி, அகதி முகாமில் வளர்ந்தவள். வாயில்லாத பிள்ளைக்குத் தண்ணீர் வரிசையில் வாளி நிறையாது என்பதை அங்கேதான் படித்தாள். அன்று திறந்த வாய் முப்பத்தேழு வயதிலும் மூடவில்லை. ‘எனக்குத் தெரியாது’ என்று அவள் சொல்லி ஊரில் ஒருவரும் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவளுக்கே அன்று கிளினிக்கில் பேச்சு வரவில்லை. தம்பி அஸ்மினின் மனைவி ஆதிலாவுக்கு அது எட்டாம் மாதம். மருத்துவமாது யூஜீனியா மிஸ் பதிவுக் கொப்பியை மூடி வைத்துவிட்டு ஆதிலாவைப் பார்த்துக் கேட்டாள்.

“பிள்ளை பிறக்கிற நேரம் பக்கத்தில ஒரு பொம்பிள நிக்கலாம். இப்ப எங்கட ஆஸ்பத்திரில விடுறாங்க. ஆர் நிக்கோணும் எண்டு நீங்கதான் சொல்லோணும். வேற ஆரும் சொல்ல ஏலாது.”

ஆதிலாவின் உம்மா பளீலா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். தன் பெயர்தான் வரும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

“மதினி நிக்கட்டும்” என்றாள் ஆதிலா.

மதினி என்றால் முனவ்வரா. பளீலாவின் முகம் சுருங்கிப்போனது. முனவ்வராவின் முகமோ வெளுத்துப்போனது. ஏனென்றால் ஆதிலாவின் முதல் பிரசவத்தைப் பாழாக்கியது அவள்தான். அது அவளுக்கும் தெரியும், ஆதிலாவுக்கும் தெரியும். மூன்று வருஷமாக இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை.

நடந்தது இதுதான். முனவ்வராவின் வீட்டு அலுமாரியில் ஒரு மர்யம் பூ இருந்தது. அவளுடைய மாமி ஹஜ்ஜுக்குப் போன வருஷம் மக்காவிலிருந்து கொண்டுவந்தது. பூ என்று பெயர்தான், பார்த்தால் சுருண்டு காய்ந்த வேர் உருண்டை. யாருக்காவது வயிற்றுவலி கண்டால் அதை எடுத்துப் பாத்திரத்தில் தண்ணீர் விட்டு வைப்பார்கள். உருண்டை மெல்ல மெல்லக் கைவிரித்து விரியும். பூ விரிய விரியத் தாயின் உடம்பும் விரியும், பூ முழுக்க விரிந்தால் பிள்ளைக்கு நேரம் வந்துவிட்டது என்பது ஊர் நம்பிக்கை. வலி கண்ட வீட்டிலிருந்தெல்லாம் அந்தப் பூவுக்கு ஆள் வரும். பூவோடு முனவ்வராவும் போவாள்.

ஆதிலாவுக்கு முதல் வலி கண்டபோது முனவ்வரா அவசரத்தில் கேத்தலிலிருந்து கொதிதண்ணீரை ஊற்றிவிட்டாள். பூ அரை மணித்தியாலத்தில் விரிந்து பாத்திரத்தை நிறைத்தது. “விரிஞ்சிட்டு! முக்கு புள்ள, முக்கு!” என்று அவள் போட்ட சத்தத்தில் அயலெல்லாம் கூடிவிட்டது. பத்தொன்பது வயதுப் பிள்ளை, சொன்னதைக் கேட்டது. வீட்டில் முக்கியது, த்ரீவீலரில் முக்கியது, புத்தளம் பெரியாஸ்பத்திரி வாசலிலும் முக்கியது. அங்கே பரிசோதித்தவர்கள், கருப்பை வாய் பாதிகூடத் திறக்கவில்லை, அதற்குள் முக்கி முக்கி வீங்கிப்போயிருக்கிறது என்றார்கள். பிறகு வழியை வெட்டி, பிள்ளையின் தலையில் உறிஞ்சும் கிண்ணி வைத்து இழுத்துத்தான் மகன் ஹுனைஸை எடுத்தார்கள். ஹுனைஸ் குறையில்லாமல் வந்தான், அல்ஹம்துலில்லாஹ். ஆதிலாதான் இரண்டு மாதம் ஒரு பக்கம் சாய்ந்தே உட்கார்ந்தாள். ஒரு போகம் முழுக்க வெங்காயத் தோட்டத்தில் குந்த முடியாமல் வரம்பில் நின்று மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு யாராவது பூ கேட்டு வந்தால் முனவ்வரா ஒரே பதில்தான் சொன்னாள். “அது காஞ்சு நொறுங்கிப் போச்சு. எறிஞ்சிட்டன்.”

*

வைகாசியில் ஒரு காலை, சுபஹு தொழுகை முடிந்த கையோடு ஆதிலாவுக்கு வலி கண்டது. அஸ்மின் த்ரீவீலர் பிடித்தான். ஏழு மணிக்கு ஊர் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். வழி நெடுக முனவ்வரா வாயைத் திறக்கவில்லை. அவள் மடியில் ஒரு பிளாஸ்க் சுடுதண்ணீர் இருந்தது. எதற்கென்று அவளுக்கே தெரியாது. பிரசவம் என்றால் சுடுதண்ணீர் என்று கை தானாகவே எடுத்துவிட்டது.

யூஜீனியா மிஸ் கண்டக்குழிக்காரி, கத்தோலிக்க மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. நாற்பத்தைந்து வயது இருக்கும். அவள் நடப்பதில் ஓட்டம் இல்லை, பேசுவதில் அதட்டல் இல்லை. ஆதிலாவின் அருகே வந்ததும் முதலில் கட்டிலைவிடத் தாழ்ந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வயிற்றில் வைத்துப் பிள்ளையின் துடிப்பைக் கேட்கும் சின்னக் குழலை எடுத்து, அதன் வாயை உள்ளங்கைக்குள் பொத்திச் சூடேற்றினாள். பிறகு கேட்டாள், “தொடட்டா மகள்?”

முனவ்வரா மூன்று பிள்ளை பெற்றவள். மூன்று முறையும் அவளை எத்தனையோ கைகள் தொட்டிருக்கின்றன. ஒரு கைகூட இப்படிக் கேட்டதில்லை. முதலில் இதென்ன கூத்து என்றுதான் நினைத்தாள். அன்று பகல் முழுக்க, ஒவ்வொரு முறையும், பத்தாவது முறையும் பதினைந்தாவது முறையும், மிஸ் அதே மாதிரிக் குழலைச் சூடேற்றி அதே மாதிரிக் கேட்டாள். ஆதிலா ‘ஓம்’ என்று தலையாட்டிய பிறகுதான் கை வைத்தாள். ஒருமுறை வலியின் நடுவில் ஆதிலா ‘வேணாம்’ என்றாள். மிஸ் அப்படியே கையை எடுத்துக்கொண்டு, வலி போகும்வரை காத்திருந்தாள்.

“படுக்கோணுமா மிஸ்?” என்று கேட்டாள் ஆதிலா. கட்டிலைப் பார்த்ததிலிருந்து அவள் கண்ணில் பயம் இருந்தது.

“ஆர் சொன்ன? நடங்க. குந்துங்க. ஜன்னல் கம்பியப் புடிச்சிட்டு நில்லுங்க. உங்கட உடம்புக்கு எது லேசோ அது. குழலுக்கு மட்டும் இடைக்கிடை வயித்தத் தந்தாக் காணும். பிள்ளையும் நீங்களும் நல்லா இருக்கிற மட்டும் எனக்கு ஒரு அவசரமும் இல்ல.”

அப்போதுதான் அது நடந்தது. ஆதிலா தன் பையைத் திறந்து, பிள்ளைத் துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளைத் துணி முடிச்சை எடுத்தாள். அவிழ்த்து மேசையில் வைத்தாள். காய்ந்து நொறுங்கிப்போன, எறிந்தாகிவிட்ட அந்தப் பூ, ஒரு கிளைகூட முறியாமல் அங்கே இருந்தது.

முனவ்வராவுக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விட்டால் நல்லது போலிருந்தது. ஆதிலா அவளைப் பார்க்கக்கூட இல்லை. “இதத் தண்ணில வைக்கலாமா மிஸ்?” என்றாள்.

மிஸ் பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “மர்யம் பூவா? எங்கட மாதாட பேர்ல ஒரு பூவ வச்சிட்டு எங்களுக்கே குடுக்காம இருக்கிறீங்க!” என்று சிரித்தாள். “வைக்கலாம், பாக்கலாம். ஆனா அந்தத் தண்ணிய ஒரு சொட்டும் குடிக்கக் கூடா, சரியா?”

முனவ்வராவின் கை பழக்கதோஷத்தில் பிளாஸ்க்கின் மூடியைத் திருகியது.

“அதென்ன, சுடுதண்ணியா?”

“ஓம் மிஸ்.”

“கோழியா உரிக்கப் போறீங்க? வையுங்க அங்கால.” மிஸ் எழுந்து போய்க் குழாயிலிருந்து ஒரு கோப்பை பச்சைத் தண்ணீர் பிடித்து வந்தாள். பூவை அதில் இறக்கி ஜன்னல் விளிம்பில் வைத்தாள். “அதுவும் ஆறுதலா விரியட்டும். அத அவசரப்படுத்தி ஆருக்கு என்ன லாபம்?”

சாதாரணமாகச் சொன்ன சொல்தான். முனவ்வராவுக்கு அது நெஞ்சில் போய்க் குத்தியது. மூன்று வருஷமாக அவள் மனதுக்குள் பழியில் பாதியைப் பூவின் மேல் போட்டிருந்தாள். பூவில் ஒரு பிழையும் இல்லை, பிழை கேத்தலில் இருந்தது. கேத்தலைப் பிடித்த கையில் இருந்தது.

பத்து மணிக்குப் பிறகு வலி இறுகியது. முனவ்வராவின் வாய் தவிக்கத் தொடங்கியது. இப்படித் திரும்பு, அப்படி மூச்சு விடு, பல்லைக் கடி, யாசீன் ஓது என்று நூறு சொற்கள் தொண்டைவரை வந்து முட்டின. முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். மிஸ் அதைக் கண்டுவிட்டாள்.

“கையத் தாங்க” என்று முனவ்வராவின் இரு உள்ளங்கைகளையும் எடுத்து ஆதிலாவின் இடுப்புக்குப் பின்னால், கீழ் முதுகில் வைத்தாள். “வலி வரக்குள்ள இதில நல்லா அமத்துங்க. போகக்குள்ள விடுங்க. கைக்கு வேல இருந்தா வாய் சும்மா இருக்கும்.”

அன்று முனவ்வரா அமத்தியதுபோல வாழ்நாளில் எதையும் அமத்தியதில்லை. மணிக்கட்டு விட்டுப்போனது. வியர்வை கண்ணில் இறங்கியது. ஆதிலா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடுப்பை அசைத்து அசைத்து, பசுவைப் போல அடித்தொண்டையில் முனகினாள். வெளியே காற்று தென்னைகளைப் போட்டு உலுப்பியது. மிஸ் முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா இருப்பதற்கும் இவ்வளவு திறமை வேண்டும் என்று முனவ்வராவுக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. மிஸ்ஸின் கண் ஆதிலாவை விட்டு நகரவில்லை. உதடு காய்ந்தால் தண்ணீர் வந்தது. கால் நடுங்கினால் தலையணை வந்தது. நேரத்துக்கு நேரம் குழல் வந்தது, ‘தொடட்டா’ வந்தது, கேட்டதெல்லாம் தாளில் ஏறியது.

ஆனால் பதினொரு மணிக்குப் பிறகு பிரசவம் நகரவில்லை. இரண்டு மணிக்கு டொக்டர் வந்தாள். குருநாகல் பக்கத்துச் சிங்களப் பிள்ளை, சின்ன வயது. தாளைப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள். மூன்று மணித்தியாலமாக அதே இடத்தில் நிற்கிறது, புத்தளத்துக்கு அனுப்புவோம், அம்பியுலன்ஸுக்குச் சொல்லட்டுமா என்று மிஸ்ஸிடம் கேட்டாள்.

அம்பியுலன்ஸ் என்ற சொல் ஆதிலாவின் காதில் விழுந்ததும் அவள் ஜன்னல் கம்பியை விட்டுவிட்டுச் சரிந்தாள். மறுபடி ஒரு வண்டி, மறுபடி அந்தக் கட்டில், அந்த வெட்டு. முனவ்வரா அவளைத் தாங்கிப் பிடித்தாள்.

மிஸ் டொக்டரோடு சிங்களத்தில் பேசினாள். முனவ்வராவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு, ஒரு சொல் விடாமல் விளங்கியது. பிள்ளையின் துடிப்பு ஒருமுறைகூடத் தாழவில்லை, தாய்க்குக் காய்ச்சல் இல்லை, பிறஷர் இல்லை, பிள்ளையின் தலை இப்போதுதான் திரும்பிக்கொண்டிருக்கிறது, என் கைக்குத் தெரிகிறது. ஒரு மணித்தியாலம் தாருங்கள். அதற்குள் துடிப்பில் சின்ன மாற்றம் கண்டாலும் நானே ஏற்றி நானே கூடப் போவேன் என்றாள் மிஸ். டொக்டர் தானும் குழலை வைத்து நிதானமாகக் கேட்டாள். “ஹரி, சரி மிஸ். மூணு மணி மட்டும். அம்பியுலன்ஸ் வாசல்ல நிக்கட்டும்” என்றாள். போகும்போது ஆதிலாவின் தோளைத் தடவிவிட்டுப் போனாள்.

மிஸ் திரையை இழுத்து மூடினாள். கட்டிலிலிருந்த மெத்தையை இறக்கி நிலத்தில் விரித்து, அதன் மேல் சுத்தமான விரிப்பைப் போட்டாள்.

“மகள், நீங்க என்ன வேல செய்றீங்க?”

“வெங்காயம்” என்றாள் ஆதிலா மூச்சிரைக்க.

“குந்தி இருந்துதானே புடுங்குவீங்க? காலைல இருந்து பின்னேரம் மட்டும்?”

“ஓம்.”

“அப்ப இந்த ஆஸ்பத்திரில உங்களப் போல குந்தத் தெரிஞ்ச ஆள் வேற இல்ல. வாங்க, தோட்டத்தில குந்துற மாதிரிக் குந்துங்க. உங்கட மதினிட கழுத்தக் கட்டிப் புடிங்க.”

முனவ்வரா முக்காலியில் உட்கார்ந்தாள். ஆதிலா அவள் முன்னே குந்தி, இரு கையாலும் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வலி வந்து போனது, வந்து போனது. நாலாவது வலியில் ஆதிலாவின் முனகல் மாறியது. அடிவயிற்றிலிருந்து வேறொரு சத்தம் எழுந்து பாதியில் அறுந்தது. அவள் உடம்பை இறுக்கி எதையோ பிடித்து நிறுத்தினாள். முகத்தை நிமிர்த்தி, மூக்கோடு மூக்கு முட்டும் தூரத்திலிருந்து முனவ்வராவின் கண்ணைப் பார்த்தாள்.

“மதினி, முக்கட்டா? நேரம் வந்திட்டா?”

மூன்று வருஷத்துக்கு முன் முனவ்வரா சத்தம் போட்டுப் பதில் சொன்ன கேள்வி அது. அன்று அதை யாரும் கேட்கவில்லை. இன்று கேட்கிறாள். முனவ்வரா மிஸ்ஸைப் பார்த்தாள். மிஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலில் இருந்த கோப்பையைப் பார்க்கக் கழுத்து திரும்பப் போனது. முனவ்வரா திரும்பவில்லை.

“எனக்குத் தெரியாது புள்ள” என்றாள். “அல்லாஹ் மேல ஆணையா எனக்குத் தெரியாது. உனக்குத்தான் தெரியும். உன்ட உடம்பு என்ன சொல்லுது?”

ஆதிலா கண்ணை மூடினாள்.

“வருது” என்றாள். “மதினி, அது தானா வருது.”

“அப்ப வரட்டும்” என்றாள் யூஜீனியா மிஸ். “பயப்படாம விடுங்க. அந்த பிளாஸ்க்கத் தாங்க இங்கால.”

சுடுதண்ணீருக்கு அப்போதுதான் வேலை வந்தது. மிஸ் அதைக் கிண்ணத்தில் ஊற்றிப் பச்சைத் தண்ணீர் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து, தன் முழங்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, ‘தொடட்டா’ என்று கேட்டுப் பிள்ளை வரும் வழியில் பொத்திப் பிடித்தாள். “ஆ, நல்லம். இப்ப மெதுவா. ஊதுங்க, அடுப்புக் குழல ஊதுற மாதிரி. எங்கட அப்பா வலையப் போட்டுட்டுக் கடலப் பாத்து வா வா எண்டு கத்தினதில்ல. வரக்குள்ள வரும்.” கத்திரிக்கோல் தட்டிலேயே கிடந்தது. யாரும் கத்தவில்லை. ஆதிலா மட்டும் ஒரு தடவை கத்தினாள். அது தோட்டத்தின் அந்தக் கரையிலிருந்து ஆளைக் கூப்பிடுவது போன்ற, தெம்பான சத்தம்.

மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மிஸ்ஸின் இரண்டு கைகளுக்குள் ஒரு பெண் பிள்ளை வழுக்கி வந்து விழுந்தது. மிஸ் அதைத் துடைத்து நேரே தாயின் நெஞ்சில் கிடத்தினாள். தொப்புள் கொடியை உடனே வெட்டவில்லை. “இன்னும் துடிக்குது, அதில இருக்கிற ரத்தமும் பிள்ளைட சொத்துதான், போய்ச் சேரட்டும்” என்றாள். டொக்டர் சொன்ன சொல் தவறாமல் மூன்று மணிக்கு வந்தாள். திரையை விலக்கிப் பார்த்தாள். அங்கே நின்றபடியே சிரித்தாள். வெட்டும் இல்லை, தையலும் இல்லை.

முனவ்வரா சுவரில் சாய்ந்து அழுதாள். யூஜீனியா மிஸ் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள், காலையிலிருந்து ஒரு வாய் தேநீர்கூடக் குடிக்காதவள். அந்தக் கையைப் பிடித்து முத்தம் கொடுக்க வேண்டும் போலிருந்தது முனவ்வராவுக்கு. வெட்கத்தில் துணியைப் பறித்துத் தானே துடைக்கத் தொடங்கினாள்.

அஸ்மின் வந்து பிள்ளையின் காதில் பாங்கு சொல்லிவிட்டுப் போனான். பிறகு பளீலா வந்தாள். பேத்தியைக் கொஞ்சிவிட்டு அவள் கண் நேரே ஜன்னலுக்குப் போனது.

“இதென்ன, பூ பாதிதானே விரிஞ்சிருக்கு! எப்பிடிப் பிள்ள பிறந்த?”

“பிள்ள பூவப் பாக்கல போல” என்றாள் மிஸ்.

எல்லோரும் போன பிறகு ஆதிலாவும் முனவ்வராவும் தனியே இருந்தார்கள். ஆதிலா கட்டிலில் சம்மணம் போட்டு, ஒரு பக்கமும் சாயாமல் நேராக உட்கார்ந்திருந்தாள். பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது. முனவ்வரா பிளேன்டீயை ஆற்றிக் கொடுத்தாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“உம்மா இருக்க, என்னத்துக்கு புள்ள என்னக் கேட்ட?”

ஆதிலா ஒரு மிடறு குடித்தாள்.

“பூ நொறுங்கிப் போச்சு எண்டு ஊருக்கெல்லாம் சொன்னீங்கதானே. பெருநாளைக்கு உங்கட அலுமாரில சாறி எடுக்கக்குள்ள கண்டன். வெள்ளத் துணில சுத்தி மூலைல வச்சிருந்தீங்க. எறியவும் மனசில்ல, குடுக்கவும் பயம். கேக்காமலே எடுத்திட்டன். அண்டைக்கே நினைச்சிட்டன்.”

“என்ன நினைச்ச?”

“உம்மா வந்தா முக்கு முக்கு எண்டுதான் நிப்பா. வேற ஆர் வந்தாலும் அதுதான். அவங்களெல்லாம் ஒருநாளும் பிழ விட்டதில்ல. பிழ விட்டது நீங்க ஒராள்தான் மதினி. இன்னொருக்கா விட மாட்டீங்க எண்டு எனக்குத் தெரியும்.”

முனவ்வரா தேநீர்க் கோப்பையை வாங்கிக் கீழே வைத்தாள். மூன்று வருஷமாகத் தொண்டையில் கிடந்தது ஒரு சொல். அது வெளியே வரக் கொஞ்ச நேரம் எடுத்தது. ஆதிலா அவளை அவசரப்படுத்தவில்லை.

“மன்னிச்சுக்க புள்ள” என்றாள் முனவ்வரா.

“ம்” என்றாள் ஆதிலா. பிள்ளையை மார்பிலிருந்து மெல்ல எடுத்து அவளிடம் நீட்டினாள். “புடிங்க. எனக்குக் கை உளையுது.”